கழித்தல் கணக்கு

மெஷின் மூன்று முறை நின்றது. மூன்று முறையும் ஒரே ஆள் ஷிப்டில்.

கோவைக்குப் பக்கத்தில் மசாலாப் பொடியைப் பொட்டலம் போடும் மெஷின் அது. அதற்கு புரோகிராம் எழுதியவன் நான். நிமிடத்துக்கு 180 பொட்டலம். மேலே ஃபிலிம் சுருள், நடுவில் சூடான தாடை இரண்டு பக்கமும் அழுத்தி ஒட்டும், கீழே கத்தி வெட்டும், பொட்டலம் விழும். விழுகிற வழியில் ஒரு சென்சார் கண். கத்தி வெட்டிய கணத்திலிருந்து பொட்டலம் அந்தக் கண்ணைக் கடக்கச் சுமார் 250 மில்லி வினாடி ஆகும். 400 மில்லி வினாடி தாண்டியும் வரவில்லை என்றால் பொட்டலம் எங்கேயோ சிக்கியிருக்கிறது என்று பொருள். மெஷினை நிறுத்து, திரையில் 'பொட்டலம் சிக்கியது' என்று காட்டு. நான் எழுதியது இவ்வளவுதான். இரண்டு நிகழ்வு, நடுவில் ஒரு கழித்தல்.

ஓடுகிற வேகத்தில் மெஷின் நின்றால் சூடான தாடையில் ஃபிலிம் உருகி ஒட்டிக்கொள்ளும். சுரண்டி எடுத்து, சூடு ஏற்றி, மறுபடி ஓட்ட முக்கால் மணி நேரம் போய்விடும். முதல் தடவை நின்றபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏழு வாரம் கழித்து இரண்டாவது தடவை. சூப்பர்வைசர் பதிவேட்டைப் புரட்டினார். இரண்டு முறையும் ஒரே ஆபரேட்டர். இன்னும் ஏழு வாரம் கழித்து மூன்றாவது. அதே ஆள்.

"சிக்கவே இல்லீங்க தம்பி. நான் பாத்துட்டேதான் நின்னேன். பொட்டலம் விழுந்துட்டேதான் இருந்துச்சு, மெஷின் தானா நின்னுருச்சு" என்றார் அந்த அண்ணன். என்னைவிட இருபது வயது மூத்தவர். திரை 'சிக்கியது' என்கிறது, மனிதர் 'சிக்கவில்லை' என்கிறார். யாரை நம்புவது என்று யாரும் யோசிக்கக்கூட இல்லை. "கோட்ல ஏதாவது இருக்குமா?" என்று மேனேஜர் ஒரு வார்த்தை கேட்டார். "இல்ல சார், ரெண்டு வருஷமா ஓடுது" என்றேன். சொல்லும்போது அது உண்மை என்றே நம்பினேன்.

அவருக்கு மெமோ கொடுத்து, லோடிங் பக்கம் மாற்றினார்கள். மெஷின் ஆபரேட்டருக்கான ஊக்கத்தொகை மாதம் 1,800 ரூபாய் நின்றுபோனது.

அந்த நாட்களில் நான் இரவில் கடிகாரங்களின் வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். மணி காட்டும் கடிகாரங்கள் அல்ல. 'இங்கிருந்து இதுவரை எவ்வளவு நேரம்' என்று அளக்கும் கருவிகள். தொழில் சம்பந்தப்பட்ட ஆர்வம், வேறொன்றுமில்லை. அந்த வாசிப்புதான் என்னை அந்தப் பதிவேட்டிடம் திருப்பி அனுப்பியது.

*

கலீலியோவிடமிருந்து தொடங்கலாம். 1638இல் வெளியான தன் கடைசிப் புத்தகத்தில் அவர் ஒரு சோதனையை விவரிக்கிறார். சுமார் 12 முழ நீள மரச்சட்டம். அதன் விளிம்பில் ஒரு பள்ளம் வெட்டி, வழவழப்பான தோல்தாள் ஒட்டி, சட்டத்தைச் சாய்த்து வைத்து, வெண்கல உருண்டையை உருட்டிவிட்டார். உருண்டை பாதி தூரம் போக எவ்வளவு நேரம், முழுத்தூரம் போக எவ்வளவு நேரம் என்பது அவருக்குத் தெரிய வேண்டும். வினாடி முள் கொண்ட நல்ல கடிகாரம் அன்று கிடையாது. ஊசல் கடிகாரம் வர இன்னும் இருபது வருஷம் இருக்கிறது.

அவர் என்ன செய்தார்? ஒரு பெரிய பாத்திரம் நிறையத் தண்ணீர், அதன் அடியில் மெல்லிய குழாய். உருண்டை புறப்படும்போது தண்ணீரைத் திறந்தார், போய்ச் சேர்ந்ததும் மூடினார். இடையில் கிண்ணத்தில் சேர்ந்த தண்ணீரைத் துல்லியமான தராசில் நிறுத்தார். நேரத்தைத் தராசில் நிறுத்திய மனிதர்! எத்தனை வினாடி என்பது அவருக்குத் தேவைப்படவில்லை. ஒரு பயணத்துக்கும் இன்னொரு பயணத்துக்கும் உள்ள விகிதம் போதும். தூரம் நேரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது என்ற விதி அந்தக் கிண்ணத்துத் தண்ணீரில் நின்றது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். தண்ணீரைத் திறந்ததும் மூடியதும் கைதான். கண் பார்த்து, மூளைக்குச் சொல்லி, கை அசைய எடுக்கும் நேரமும் கிண்ணத்துக்குள் சேர்ந்துதான் விழுகிறது. தொடக்கத்திலும் முடிவிலும் அதே அளவு தாமதம் என்றால் கழித்தலில் அடிபட்டுப் போகும். இல்லையென்றால் போகாது. அடுத்த 150 வருஷத்துக்கு இதை யாரும் பெரிய பிரச்சினையாகக் கருதவில்லை. ஒருவருக்கு வேலை போகும்வரை.

*

அவர் பெயர் டேவிட் கின்னபுரூக். லண்டனுக்கு அருகே கிரீனிச் வான்காணகத்தில் உதவியாளர். 1794இல் சேர்ந்தார். அவருடைய மேலதிகாரி, அரச வானியலாளர் நெவில் மாஸ்கலைன்.

வேலை இதுதான். தொலைநோக்கியின் பார்வைப் புலத்தில் மெல்லிய கம்பிகள் நட்டுக்குத்தாக இருக்கும். பூமி சுழல்வதால் விண்மீன் மெதுவாக நகர்ந்து கம்பியைக் கடக்கும். எந்தக் கணத்தில் கடந்தது என்று எழுத வேண்டும். கண் தொலைநோக்கியில், காது பக்கத்தில் உள்ள ஊசல் கடிகாரத்தின் டிக் டிக் ஓசையில். கம்பிக்கு முந்தைய டிக்கில் விண்மீன் எங்கே இருந்தது, அடுத்த டிக்கில் எங்கே இருந்தது என்று மனதில் பிடித்து, இடையில் கம்பி எந்த இடத்தில் விழுகிறது என்று வினாடியின் பத்தில் ஒரு பங்குவரை மதிப்பிட வேண்டும். 'கண்ணும் காதும்' முறை என்று இதற்குப் பெயர்.

1795இல் மாஸ்கலைன் கவனித்தார், கின்னபுரூக் எழுதும் நேரம் தான் எழுதும் நேரத்தைவிட அரை வினாடி பிந்தி இருக்கிறது. எச்சரித்தார். உதவியாளர் திருத்திக்கொள்ள முயன்றார். குறையவில்லை, கூடியது. 1796 தொடக்கத்தில் வித்தியாசம் 0.8 வினாடி. பூமத்திய ரேகையில் பூமி 0.8 வினாடியில் சுமார் 370 மீட்டர் திரும்பிவிடும். கடலில் கப்பல்கள் தங்கள் இடத்தைக் கணிக்கக் கிரீனிச்சின் அட்டவணைகளைத்தான் நம்பியிருந்தன. மாஸ்கலைன் அவரை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார். உதவியாளர் ஏதோ தப்பான வழக்கத்துக்குப் பழகிவிட்டார் என்ற பொருளில் வான்காணகப் பதிவிலும் எழுதி வைத்தார். மாஸ்கலைன் கொடூரமானவர் இல்லை. தன்னுடைய நேரம்தான் சரியான நேரம் என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை, அவ்வளவுதான்.

இருபது வருஷத்துக்குப் பிறகு, கோனிக்ஸ்பர்க் நகரத்து வானியலாளர் ஃபிரீட்ரிக் பெசல் இந்தச் சம்பவத்தைப் பற்றிப் படித்தார். அவர் வேறொரு கேள்வி கேட்டார். பயிற்சி பெற்ற ஒருவர், திருத்திக்கொள்ள வேண்டும் என்று முழு மனதோடு முயன்ற ஒருவர், தொடர்ந்து ஒரே பக்கம் பிசகுவார் என்றால் அது கவனக்குறைவாக இருக்குமா? கவனக்குறைவு என்றால் ஒரு தடவை முந்தும், ஒரு தடவை பிந்தும். பெசல் தன்னையே சோதனைக்கு உட்படுத்தினார். 1820களில், கைதேர்ந்த மற்ற வானியலாளர்களோடு சேர்ந்து அதே விண்மீன்களைப் பார்த்தார். அவருக்கும் அவர்களுக்கும் ஒரு வினாடிக்கு மேல் வித்தியாசம்! கின்னபுரூக்கின் 'தப்பை'விடப் பெரியது.

யாரும் தப்புச் செய்யவில்லை. ஒவ்வொரு ஆளும் தனக்கென்று ஒரு தாமதத்தோடு உலகத்தைப் பார்க்கிறார். கண்ணிலிருந்து வருவதையும் காதிலிருந்து வருவதையும் மூளை சேர்த்து வைக்கும் விதம் ஆளுக்கு ஆள் வேறு. இதற்குப் பின்னாளில் 'தனிநபர் சமன்பாடு' என்று பெயர் வைத்து, கணக்கில் கூட்டவும் கழிக்கவும் தொடங்கினார்கள். மாஸ்கலைனுக்கும் அப்படியொரு சமன்பாடு இருந்திருக்கும். அதை யாரும் அளக்கவில்லை. அவர் அதிகாரி.

கின்னபுரூக் 1802இலேயே இறந்துவிட்டார். பெசல் கண்டுபிடித்தது அவருக்குத் தெரியாது.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடினேன். தூக்கம் வரவில்லை. 'பாத்துட்டேதான் நின்னேன்' என்ற குரல் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது.

*

மனிதக் கண்ணையும் காதையும் கழற்றிவிட்டு நேரத்தை அளப்பது எப்படி? அடுத்த நூறு வருஷத்தின் கதை இதுதான்.

1840களில் மத்தேயுஸ் ஹிப் என்ற கடிகாரத் தொழிலாளி ஒரு கருவி செய்தார். வினாடிக்கு ஆயிரம் முறை அதிரும் ஒரு மெல்லிய உலோக நாக்கு அதன் ஓட்டத்தை ஒழுங்குபடுத்தியது. அதில் ஒரு தந்திரம் இருக்கிறது. கடிகாரத்தின் சக்கரங்கள் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். முதல் நிகழ்வு நடந்ததும் மின்காந்தம் முட்களை ஓடும் சக்கரத்தோடு சேர்த்துவிடும். இரண்டாவது நிகழ்வில் பிரித்துவிடும். ஓட்டத்தைத் தொடங்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்தால் போதும். ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடியை முட்கள் காட்டின.

இந்த மாதிரிக் கருவிகளோடு ஆய்வாளர்கள் மனிதனுக்குள்ளேயே நுழைந்தார்கள். 1850ஐ ஒட்டி ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் நரம்பில் செய்தி போகும் வேகத்தை அளந்தார். மின்னல் வேகம் என்று நினைத்தது வினாடிக்குச் சுமார் 30 மீட்டர்தான். 1868இல் நெதர்லாந்தின் டாண்டர்ஸ் இன்னும் ஒரு படி போனார். ஒரு குறி கேட்டதும் பதில் சொல்ல ஒருவருக்கு எவ்வளவு நேரம், இரண்டு குறியில் எது என்று தெரிந்துகொண்டு பதில் சொல்ல எவ்வளவு நேரம்? ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் மிஞ்சுவது, தேர்ந்தெடுக்க மனம் எடுத்துக்கொண்ட நேரம். எண்ணத்துக்கே நேரம் ஆகிறது என்பதை ஒரு கழித்தல் கணக்கு காட்டியது.

தொழிற்சாலைக்கு இந்தக் கதை வேறு வழியில் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் மெஷின்களை நடத்தியவை ரிலே நிறைந்த அலமாரிகள். நேரம் கணிக்கக் காற்று டைமர்கள் இருந்தன. ஒரு துருத்திக்குள் காற்று சின்னத் துளை வழியாகக் கசியும், அது நிறைய எடுக்கும் நேரம்தான் அளவு. கலீலியோவின் தண்ணீருக்குப் பதில் காற்று! அமெரிக்காவின் கார்த் தொழிற்சாலைகளில் ஒவ்வொரு புது மாடல் வரும்போதும் அந்த அலமாரிகளின் ஒயர்களை எல்லாம் பிரித்து மாற்ற வேண்டும். இந்தத் தலைவலிக்கு மருந்தாக டிக் மோர்லி என்ற பொறியாளர் 1968 புத்தாண்டு நாளில் ஒரு குறிப்பு எழுதினார். அதிலிருந்து பிறந்ததுதான் மோடிகான் 084, முதல் பி.எல்.சி.களில் ஒன்று. ஒயரை மாற்ற வேண்டாம், புரோகிராமை மாற்றினால் போதும். எலக்ட்ரீஷியன்களுக்குப் பழகிய ஏணிப்படி வரைபடமாகவே அந்த புரோகிராம் இருந்தது. நான் வேலை கற்றுக்கொண்டதும் அதே ஏணியில்தான்.

பி.எல்.சி. எப்படிப் பார்க்கும்? எல்லா சென்சார்களையும் ஒருமுறை படிக்கும், புரோகிராமை ஓட்டும், வெளியே கட்டளை கொடுக்கும். பிறகு மறுபடி முதலிலிருந்து. ஒரு சுற்றுக்கு 10 மில்லி வினாடி என்றால், நடுவில் நடந்தது அடுத்த சுற்றில்தான் தெரியும். வினாடிக்கு ஒரு மீட்டர் ஓடும் பட்டையில் 10 மில்லி வினாடி என்பது ஒரு சென்டிமீட்டர். அச்சடித்த பெயர் பாதியில் வெட்டுப்பட அது போதும். இரண்டு டிக்குக்கு நடுவில் கம்பியைத் தாண்டிய விண்மீன்தான் இது. கின்னபுரூக் பட்ட பாட்டை இப்போது மெஷின் படுகிறது. அதனால்தான் துல்லியம் வேண்டிய இடத்தில் ஹிப்பின் தந்திரத்துக்கே திரும்புகிறோம். ஒரு எண்ணி இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கும். சென்சார் மாறும் கணத்தில், புரோகிராமுக்காகக் காத்திராமல், அந்த எண்ணியின் மதிப்பை மின்சுற்றே பிடித்து வைத்துவிடும். அடுத்த நிகழ்வில் இன்னொன்று. பிறகு ஆற அமரக் கழித்துக்கொள்ளலாம்.

ஆனால் ஓடிக்கொண்டே இருக்கும் எண்ணி எங்கே போய் முடியும்?

*

1991 பிப்ரவரி 25. வளைகுடாப் போர். சவூதி அரேபியாவின் தஹ்ரான் நகரில் அமெரிக்கப் படையினர் தங்கியிருந்த கட்டடத்தின்மீது இராக்கின் ஸ்கட் ஏவுகணை விழுந்து 28 பேர் இறந்தார்கள். அதைத் தடுக்க வேண்டிய பேட்ரியாட் அமைப்பு அங்கே ஓடிக்கொண்டுதான் இருந்தது. 100 மணி நேரமாக, நிறுத்தாமல்.

அதன் கடிகாரம் பத்தில் ஒரு பங்கு வினாடிகளை எண்ணியது. அதை வினாடியாக மாற்ற 0.1ஆல் பெருக்க வேண்டும். நமக்கு 0.1 சுலபமான எண். இரும எண்ணில் அது முடிவில்லாமல் நீளும். 24 பிட்டில் நறுக்கி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் கோடியில் ஒரு பங்கு வினாடி அளவுக்குப் பிசகு. 100 மணி நேரத்தில் 36 லட்சம் எண்ணிக்கை. பிசகு மொத்தம் 0.34 வினாடி. ஸ்கட் அந்த நேரத்தில் அரை கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். ரேடார் வானத்தின் தப்பான துண்டைப் பார்த்துவிட்டு 'அங்கே ஒன்றுமில்லை' என்றது.

நீண்ட நேரம் ஓட்டினால் குறி பிசகும் என்று சில நாளுக்கு முன்பே படையினருக்கு எச்சரிக்கை போயிருந்தது. எவ்வளவு நேரம் 'நீண்ட நேரம்' என்று அதில் இல்லை. அமைப்பை ஒருமுறை அணைத்துப் போட்டிருந்தாலே போதும். திருத்திய மென்பொருள் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது பிப்ரவரி 26. மறுநாள்.

இது ஒன்று மட்டுமில்லை. விண்டோஸ் 95 கணினி 49.7 நாள் அணைக்காமல் ஓடினால் உறைந்துபோகும் என்பது பின்னால் தெரிந்தது. 2015இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் ஓர் உத்தரவு போட்டது. போயிங் 787 விமானத்துக்கு 248 நாள் தொடர்ந்து மின்சாரம் இருந்தால் ஜெனரேட்டர் கட்டுப்பாட்டுக் கருவிகள் எல்லாம் ஒரே நேரத்தில் செயலிழக்கலாம், ஆகவே இடையில் அணைத்துப் போடுங்கள் என்று. 248 நாளை நூறில் ஒரு பங்கு வினாடிகளாக மாற்றிப் பாருங்கள். 31 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண்ணுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். மில்லி வினாடிகளை 32 பிட்டில் எண்ணினால் 49 நாள், 17 மணி, 2 நிமிடம், 47 வினாடியில் எண்ணி நிறைந்து மறுபடி பூஜ்யத்துக்கு வரும்.

49 நாள் என்றால் சரியாக ஏழு வாரம்.

*

அன்று காலை மெஷினின் பதிவேட்டைத் திறந்தேன். மூன்று நேரங்கள். ஒரு திங்கள் இரவு 11.02. ஏழு வாரம் கழித்துச் செவ்வாய் மாலை 4.05. இன்னும் ஏழு வாரம் கழித்துப் புதன் காலை 9.08. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தேன். 49 நாள், 17 மணி, 3 நிமிடம். இரண்டு இடைவெளியும் அதேதான். சில வினாடிதான் முன்பின். முதல் நிறுத்தத்திலிருந்து அதே அளவு பின்னால் போனால், பராமரிப்பு முடிந்து நாங்கள் மெஷினுக்கு மின்சாரம் கொடுத்த திங்கட்கிழமை காலை 6 மணி.

கவனக்குறைவான மனிதன் இவ்வளவு நேரம் தவறாமல் கவனக்குறைவாக இருக்க மாட்டான்.

தப்பு என் வரியில். சுவர்க் கடிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 11 மணிக்கு ஒரு வேலை தொடங்குகிறது, 4 மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். கெடு எத்தனை மணி? 11உம் 4உம் 15. கடிகாரத்தில் அது 3. இப்போது மணி என்ன? 11. '11 என்பது 3ஐவிடப் பெரியது, கெடு தாண்டிவிட்டது' என்று முடிவு செய்தால் எப்படி? நான் எழுதியிருந்தது அதுதான். கெடுவை முன்கூட்டியே கூட்டி வைத்துவிட்டு, இப்போதைய நேரம் அதைத் தாண்டியதா என்று பார்த்தேன். எண்ணி நிறையும் கடைசி 400 மில்லி வினாடியில் வெட்டுப்படும் பொட்டலம், விழுவதற்கு முன்பே 'சிக்கியது'. கூட்டாமல் கழித்திருக்க வேண்டும். இப்போதைய எண்ணிலிருந்து தொடங்கிய எண்ணைக் கழித்து, மிச்சம் 400ஐத் தாண்டியதா என்று கேட்டிருந்தால், எண்ணி பூஜ்யத்துக்குத் திரும்பினாலும் விடை சரியாகவே வரும். 11 மணிக்குப் படுத்து 2 மணிக்கு எழுந்தால் மூன்று மணி நேரத் தூக்கம் என்று குழந்தைகூடச் சொல்லும்.

ரெண்டு வருஷமாக ஏன் நடக்கவில்லை? அப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மெயினை அணைத்துவிடுவோம். எண்ணி நிறைந்ததே இல்லை. ஆர்டர் கூடி ஏழு நாளும் ஓட ஆரம்பித்த பிறகுதான் அது 49 நாளைப் பார்த்தது.

ஏன் ஒரே ஆள்? எங்கள் ஷிப்ட் முறை வாரத்துக்கு ஒருமுறை மாறும். இந்த வாரம் நைட், அடுத்த வாரம் ரெண்டாம் ஷிப்ட், அதற்கடுத்து முதல் ஷிப்ட். ஏழு வாரம் போனால் ஒரு ஷிப்ட் பின்னால் வருவார். 17 மணி நேரம் கூட்டினாலும் ஏறக்குறைய ஒரு ஷிப்ட்தான் பின்னால் போகிறது. அவரும் எண்ணியும் ஒரே கதியில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் செய்த தப்பு அது ஒன்றுதான்.

இதைக் கண்டுபிடித்த அன்றே நான் சொல்லவில்லை. நான்கு நாள் எடுத்தேன். அந்த நான்கு நாளுக்கு நல்ல காரணம் எதுவும் கிடையாது. சொன்னபோது மேனேஜர், "திருத்திடுப்பா, பெருசு பண்ண வேண்டாம்" என்றார். மெஷினை நிறுத்தாமலே ஒரு வரியை மாற்றினேன். ஒரு நிமிட வேலை. மெமோவைத் திரும்பப் பெறுவதுதான் நீண்டது. மூன்று தேதிகளையும் கழித்தலையும் ஒரு தாளில் எழுதி, தப்பு என்னுடையது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஐந்து வாரத்துக்குப் பிறகு அவர் மெஷினுக்குத் திரும்பினார். இடையில் போன ஊக்கத்தொகை வரவில்லை.

"நான் அன்னைக்கே சொன்னனுங்களே தம்பி" என்றார்.

"ஆமாங்ண்ணா. சொன்னீங்க."

கொஞ்ச நேரம் தாடையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "அடுத்தது எப்பங்க வரும்?"

கணக்குப் போட்டுச் சொன்னேன். வியாழன் அதிகாலை 2.11. அவருக்கு நைட் ஷிப்ட்.

அந்த இரவு நானும் போனேன். எண்ணியின் மதிப்பைத் திரையின் மூலையில் காட்டும்படி வைத்திருந்தேன். பத்து இலக்கம், கடைசி இலக்கங்கள் கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டு பேரும் பேசாமல் நின்றோம். 429 கோடியைத் தாண்டியது. ஒரு கணம். பிறகு திரையில் சின்ன எண்கள், ஒன்றிலிருந்து புதிதாக ஏறிக்கொண்டிருந்தன.

பொட்டலங்கள் விழுந்துகொண்டே இருந்தன. அவர் திரையைப் பார்க்கவில்லை. கீழே, பொட்டலம் விழும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.